கெலோனா கடைக்காரர் – 6: அடைக்கப் போட்ட கதவு

1951 மார்ச். கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சட்டமன்றம் விக்டோரியா நகரில் கூடியிருக்கிறது. மொத்த உறுப்பினர்கள் 48. அவர்களில் 39 பேர் 1949 தேர்தலில் ஆளும் கூட்டணியின் பெயரில் ஜெயித்து வந்தவர்கள். முக்கிய எதிர்க்கட்சிக்குக் கிடைத்தது 7 இடங்கள்தான்.

அடுத்த பதினைந்து மாதங்களில் இந்த அரசின் இரண்டு கட்சிகளும் சேர்ந்தே 10 இடங்களுக்குச் சுருங்கிவிடும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒருவரைத் தவிர. அவர் ஆளும் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

இதுவரை நாம் பார்த்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். வில்லியம் ஆண்ட்ரூ சிசில் பென்னட் 1900-ல், நாட்டின் மறுகோடியில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காமலே ஹார்டுவேர் கடை வேலைக்குப் போனார். ஆல்பர்ட்டாவில் வெஸ்ட்லாக் என்ற சிற்றூரில் பங்குதாரராகக் கடை நடத்தினார். 1930-ல் பொருளாதார நெருக்கடி ஊரையே முடக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒகனாகன் ஏரிக்கரையில் கெலோனா என்ற பழத்தோட்ட ஊருக்கு வந்து ஒரு ஹார்டுவேர் கடையை விலைக்கு வாங்கினார். மதுவைத் தொடாத அவர், விற்காமல் அழுகிய ஆப்பிளுக்கு வழி தேடி, நண்பர்களோடு சேர்ந்து ஒயின் தொழிற்சாலை தொடங்கியதையும் பார்த்தோம். 1941-ல் கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில் சட்டமன்றம் போனார்.

அதன்பிறகு வரிசையாகத் தோல்விகள். 1946-ல் மாகாணக் கட்சித் தலைவர் பதவிக்கு நின்று ஹெர்பர்ட் ஆன்ஸ்காமிடம் தோற்றார். 1948-ல் சட்டமன்றப் பதவியை விட்டுவிட்டு மத்திய நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்றார், அதிலும் தோல்வி. 1949-ல் சட்டமன்றத்துக்குத் திரும்பி வந்தார். 1950-ல் மறுபடி ஆன்ஸ்காமை எதிர்த்தார். மறுபடி தோல்வி.

வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. கட்சிக்குள் இனி அவருக்கு ஏற வேண்டிய படி எதுவும் மிச்சமில்லை. கடந்த வாரம் அவரை அங்கேதான் விட்டுவந்தோம்.

ஆஸ்பத்திரிச் சீட்டு

பிரிட்டிஷ் கொலம்பியாவை அப்போது ஆண்டது லிபரல், கன்சர்வேட்டிவ் என்ற இரண்டு கட்சிகளின் கூட்டணி. தலைமுறை தலைமுறையாக எதிரெதிரே நின்ற கட்சிகள் அவை. 1941-ல் அவற்றை ஒன்றுசேர்த்தது ஒரே ஒரு பயம்தான். சி.சி.எஃப். என்று எல்லோரும் சுருக்கமாக அழைத்த சோஷலிஸ்ட் கட்சி அந்தத் தேர்தலில் மற்ற எவரையும்விட அதிக வாக்குகளை வாங்கியிருந்தது. அவர்களை ஆட்சிக்கு வரவிடக்கூடாது என்று இரண்டு பழைய கட்சிகளும் கைகோத்தன.

பயத்தில் பிறந்த அந்த அரசு நல்ல காரியங்களையும் செய்தது. சாலை போட்டது, மின்சாரம் கொண்டுவந்தது. 1949-ல் மாகாணம் முழுவதற்கும் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பங்கள் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். நோய் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவை அரசு பார்த்துக்கொள்ளும்.

நோக்கம் உயர்ந்தது. நடைமுறை சிக்கியது. செலவு போட்ட கணக்கைத் தாண்டியது. ஊர் ஊராக வேலை தேடி அலைந்த மரம்வெட்டிகளிடமும் சுரங்கத் தொழிலாளர்களிடமும் சந்தா வசூலிப்பது பெரும்பாடாக இருந்தது. சந்தா கட்டியும் பெயர் பதிவாகாமல் ஆஸ்பத்திரி வாசலில் திண்டாடியவர்களின் புகார்கள் குவிந்தன.

1951-ல் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. சந்தாவை உயர்த்துவது. கூடவே, ஆஸ்பத்திரியில் படுக்கும் நோயாளி ஆரம்ப நாட்களுக்கு நாள் கணக்கில் தன் கையிலிருந்தும் ஒரு தொகை கட்டுவது. அதாவது, முன்பே சந்தா கட்டிய ஆள் படுக்கையில் விழுந்த பிறகு மறுபடியும் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

விக்டோரியாவில் அது பட்ஜெட் புத்தகத்தில் ஒரு வரி. ஒகனாகன் பள்ளத்தாக்கில் அது வேறு விஷயம்.

1949–50 குளிர்காலம் அந்தப் பள்ளத்தாக்கைப் புரட்டிப் போட்டிருந்தது. கடுங்குளிரில் பழமரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. பழமரம் கருகினால் இழப்பு ஒரு பருவத்தோடு முடிவதில்லை. புதுக் கன்று நட்டு, அது காய்க்கத் தொடங்குவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை கடனில்தான் குடித்தனம்.

அப்படிப்பட்ட குடும்பங்கள் ஆணி வாங்கவும், பெயின்ட் வாங்கவும், தண்ணீர்க் குழாய் வாங்கவும் வந்து நின்ற கல்லா பென்னட்டுடையது. இருபது ஆண்டுகளாக அவர்களுடைய வரவு செலவு அவருக்குத் தெரியும். யார் ரொக்கம் கொடுக்கிறார், யார் அடுத்த அறுவடைக்குத் தவணை கேட்கிறார் என்பதை அவர் எந்தப் புள்ளிவிவர அறிக்கையிலும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

கெலோனாவுக்கும் தலைநகருக்கும் இடையே ஏரி, மலை, கடல் மூன்றும் கிடந்தன. ஏரிக்குப் பாலம் 1958 வரை கிடையாது. ஃபெர்ரியில்தான் கடக்க வேண்டும். மலையைக் கடக்கும் ஹோப்–பிரின்ஸ்டன் நெடுஞ்சாலை 1949-ல்தான் திறந்தது. அதைத் தாண்டினாலும் விக்டோரியா இருப்பது ஒரு தீவில். உள்நாட்டு மக்களின் குரல் அந்தத் தூரத்தைக் கடந்து போய்ச் சேருவதற்குள் தேய்ந்துவிடும். பென்னட் அதைத் தேயாமல் எடுத்துப்போக விரும்பினார்.

எழுந்து நடந்தார்

அந்த மார்ச் மாதம் சட்டமன்றத்தில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டண உயர்வை எதிர்த்துப் பேசினார். ஆளும் கூட்டணி உறுப்பினர் தன் அரசையே எதிர்த்துப் பேசுவது புதிதல்ல. அவரே முன்பும் பேசியிருக்கிறார். பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம்.

இந்த முறை அவர் உட்காரவில்லை. இந்தக் கூட்டணியில் இனி எனக்கு இடமில்லை என்று அறிவித்துவிட்டு, மண்டபத்தின் மறுபக்கத்துக்குப் போய்ச் சுயேச்சையாக அமர்ந்தார்.

இந்த முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். தலைமைப் போட்டியில் இரண்டு தடவை தோற்ற மனிதரின் ஆத்திரம் என்று அவருடைய எதிரிகள் படித்தார்கள். ஆன்ஸ்காம்தான் அந்த அரசின் நிதியமைச்சர். கட்டண உயர்வை அடிப்பது ஆன்ஸ்காமை அடிப்பதாகவும் ஆகும். அந்தக் கணக்கு பென்னட்டின் மனதில் இருந்திருக்காது என்று சொல்ல முடியாது.

ஆனால் ஆத்திரம் மட்டும் ஒருவரை இவ்வளவு தூரம் கொண்டுபோகாது. பத்தாண்டு சட்டமன்ற வாழ்க்கையை, கட்சியின் பாதுகாப்பை, அடுத்த தேர்தலுக்கான அமைப்பை எல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்க அவர் தயாராக இருந்தார். போர்க்காலத்தில் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் குழுவில் உறுப்பினராக இருந்து மாகாணம் முழுவதையும் சுற்றியவர் அவர். உள்நாட்டு ஊர்களின் பொறுமை தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர். கூட்டணி செத்துவிட்டது, அதற்கு மட்டும் இன்னும் தெரியவில்லை என்பது அவருடைய முடிவு.

சில நாட்களில் இன்னொருவரும் வெளியேறினார். வான்கூவரின் வசதியான தொகுதியிலிருந்து வந்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர் டில்லி ரோல்ஸ்டன். உள்நாட்டுக் கடைக்காரரும் பெருநகரத்துப் பெண்மணியும் ஒரே காரணத்துக்காக ஒரே வரிசைக்கு வந்தார்கள். ஊரகத்தில் கேட்ட முணுமுணுப்பு நகரத்திலும் கேட்கத் தொடங்கிவிட்டது.

விக்டோரியா அதைக் காதில் வாங்கவில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று

கூட்டணித் தலைவர்களின் மனதில் அப்போது ஓடிக்கொண்டிருந்த கேள்வி இது: என்றைக்காவது நாம் தனித்தனியாகத் தேர்தலில் நிற்க நேர்ந்தால் என்ன ஆகும்?

பழைய முறையில், அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தவர். லிபரலும் கன்சர்வேட்டிவும் தனித்தனியே நின்றால் வாக்குகள் பிரியும், இடையில் சி.சி.எஃப். நுழைந்து ஜெயித்துவிடும். அதைத் தடுக்க அவர்கள் வாக்களிக்கும் முறையையே மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

புதிய முறையில் வாக்காளர் சீட்டில் குறுக்குக் கோடு போடுவதில்லை. வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று எண் போடுவார். முதல் விருப்பம் யார், அவர் இல்லையென்றால் யார், அவரும் இல்லையென்றால் யார் என்ற வரிசை அது. முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாங்கினால் அவர் வென்றார். யாரும் வாங்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருக்கு 1 போட்ட சீட்டுகளை எடுத்து, அதில் 2 யாருக்கு என்று பார்த்து அவர் கணக்கில் சேர்ப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இப்படியே எண்ணுவார்கள்.

கணக்கு அவர்களுக்குக் கச்சிதமாகப் பட்டது. லிபரல் வாக்காளர் 2 என்ற எண்ணைக் கன்சர்வேட்டிவுக்குப் போடுவார். கன்சர்வேட்டிவ் வாக்காளர் 2-ஐ லிபரலுக்குப் போடுவார். பத்தாண்டாகக் கூடி ஆண்ட கட்சிகள் அல்லவா? சோஷலிஸ்டுகளுக்கு 2 போட ஆளே இருக்காது. கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது.

அந்தக் கணக்கில் ஒரே ஒரு நிபந்தனை எழுதப்படாமல் இருந்தது. இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று வெறுக்காமல் இருக்க வேண்டும். மக்கள் இரண்டையுமே வெறுக்காமல் இருக்க வேண்டும்.

புதிய வீடு

பென்னட்டுக்கு அப்போது கட்சி இல்லை. சுயேச்சையாக நின்று தன் தொகுதியை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாம்; ஆட்சியைப் பிடிக்க அது போதாது. சோஷலிஸ்டுகளோடு சேர அவருடைய வியாபார மனம் ஒப்பாது. மிச்சமிருந்தது ஒரு சின்னஞ்சிறு இயக்கம்: சோஷியல் கிரெடிட்.

மேஜர் டக்ளஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளரின் பொருளாதாரக் கொள்கை அதன் மூலம். உற்பத்தியாகும் பொருளை வாங்கப் போதுமான பணம் மக்கள் கையில் இல்லை, அதை அரசே அவர்களுக்குத் தர வேண்டும் என்பது சாரம். அண்டை மாகாணமான ஆல்பர்ட்டாவில் 1935-ல் வில்லியம் ஏபர்ஹார்ட் மாதம் 25 டாலர் தருவதாகச் சொல்லி இந்தக் கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவந்தார். அந்த வாக்குறுதியை அவரால் நிறைவேற்ற முடியவில்லை. அவருக்குப் பின் 1943-ல் வந்த எர்னஸ்ட் மானிங் கொள்கையை ஓரம் வைத்துவிட்டுச் சிக்கனமான, நேர்மையான நிர்வாகம் என்ற பெயரை எடுத்தார். 1947-ல் லெடுக் என்ற இடத்தில் பெரும் எண்ணெய் வளம் கண்டெடுக்கப்பட்டதும் ஆல்பர்ட்டாவின் கஜானா நிரம்பத் தொடங்கியது.

மலைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்தக் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடையாது. தேவாலய வட்டங்களில் நல்ல பெயர், சிற்றூர்களில் உழைக்கும் தொண்டர்கள், அவ்வளவுதான். கட்டிடம் இல்லை, மனை மட்டும் இருந்தது.

1951 டிசம்பரில் பென்னட் அதில் சேர்ந்தார்.

பணத்தைப் பற்றிய மேஜர் டக்ளஸின் கோட்பாட்டில் அவர் பெரிதாக மூழ்கியவரல்ல. அவர் பார்த்தது வேறு. பழைய கட்சிகளின் கறை படியாத ஒரு பெயர். சோஷலிசத்துக்கு அஞ்சும் கடைக்காரரும் தோட்டக்காரரும் கூச்சப்படாமல் வாக்களிக்கக்கூடிய ஒரு பெயர். ஆட்சிமீது கோபமுள்ளவர்கள் போய்ச் சேர அதுவரை ஒரே இடம்தான் இருந்தது. இன்னோர் இடம் திறந்தால்?

கூட்டணி உடைகிறது

அவருக்காகவே எழுதியதுபோல அடுத்த மாதமே அது நடந்தது.

1952 ஜனவரி. நிதியமைச்சர் ஆன்ஸ்காம் மத்திய அரசோடு வரிப் பகிர்வு பற்றிப் பேச ஒட்டாவா போனார். பேசிமுடித்தவர், முதல்வர் பைரன் ஜான்சனிடம் சொல்வதற்கு முன்பே பத்திரிகைகளிடம் விவரத்தைச் சொல்லிவிட்டார். ஜான்சன் லிபரல், ஆன்ஸ்காம் கன்சர்வேட்டிவ். ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த உறவு. முதல்வர் அவரைப் பதவி விலகச் சொன்னார். ஆன்ஸ்காமோடு மற்ற கன்சர்வேட்டிவ் அமைச்சர்களும் வெளியேறினார்கள்.

பத்தாண்டுக் கூட்டணி ஒரே நாளில் முடிந்தது.

அதன்பிறகு நடந்த பிரச்சாரம் இரண்டு பங்காளிகளின் பாகப் பிரிவினைச் சண்டை. ஆஸ்பத்திரித் திட்டம் குளறுபடியானதற்கு நீதான் காரணம் என்று லிபரல் சொல்ல, நீதான் என்று கன்சர்வேட்டிவ் சொல்ல, மேடைக்கு மேடை ஒருவர் குற்றத்தை மற்றவர் வெளியே கொட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்த வாக்காளர் இரண்டு பேர் சொன்னதையும் நம்பினார்.

2 என்ற எண்ணை ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வார்கள் என்று சட்டம் செய்தவர்கள்தான் இவர்கள். சட்டத்தை மாற்ற இனி நேரமில்லை. தேர்தல் ஜூன் 12 என்று அறிவிப்பாகிவிட்டது.

ஜூன் 12

சோஷியல் கிரெடிட் வித்தியாசமான கோலத்தில் தேர்தலுக்கு வந்தது. அதன் பிரச்சாரத் தலைவர் எர்னஸ்ட் ஹான்செல் ஒரு பாதிரியார்; ஆல்பர்ட்டாவிலிருந்து வந்த மத்திய நாடாளுமன்ற உறுப்பினர். அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. ஜெயித்தால் முதல்வர் யார்? தேர்தலுக்குப் பிறகு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள் என்பதுதான் பதில். அந்தக் கேள்வியை அப்போது அக்கறையோடு கேட்டவர்களும் அதிகம் இல்லை. இந்தக் கட்சி ஜெயிக்கும் என்று யார் நினைத்தார்கள்?

வேட்பாளர்கள் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், விவசாயிகள். காம்லூப்ஸ் தொகுதியில் பிலிப் கக்லார்டி என்ற பெந்தெகொஸ்தே பாதிரியார். தெற்கு ஒகனாகனில் பென்னட். அவரையும் ரோல்ஸ்டனையும் விட்டால் சட்டமன்ற அனுபவம் உள்ளவர் என்று சொல்ல அந்தப் பட்டியலில் ஆளில்லை.

ஜூன் 12 இரவு முதல் விருப்ப வாக்குகளை மட்டும் எண்ணினார்கள்.

சி.சி.எஃப். 21 தொகுதிகளில் முன்னிலை. சோஷியல் கிரெடிட் 14. லிபரல் 9. கன்சர்வேட்டிவ் 3. தொழிலாளர் உறுப்பினர் 1.

வாக்கு விகிதத்திலும் சி.சி.எஃப்.தான் முதலிடம்: ஏறக்குறைய 31 சதவீதம். சோஷியல் கிரெடிட்டுக்கு 27. லிபரலுக்கு 23. கன்சர்வேட்டிவுக்கு 17.

பழைய முறையாக இருந்திருந்தால் கதை அன்றிரவே முடிந்திருக்கும். சி.சி.எஃப். தலைவர் ஹரோல்ட் வின்ச் மிகப்பெரிய கட்சியின் தலைவராக ஆட்சி அமைக்க உரிமை கோரியிருப்பார். எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர் அவர். 1933-லிருந்து சட்டமன்றத்தில் இருப்பவர். அவருடைய தந்தை எர்னஸ்ட் வின்ச்சும் அதே சபையில் அதே கட்சியின் உறுப்பினர். இருபதாண்டு உழைப்புக்குப் பலன் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது.

ஆனால் அன்றிரவு பெரும்பாலான தொகுதிகளில் யாருக்கும் பாதி வாக்கு கிடைத்திருக்கவில்லை. சீட்டுகளில் 2 என்ற எண் இன்னும் எண்ணப்படவில்லை.

ஒரு சீட்டின் பயணம்

வெளியூரிலிருந்து அனுப்பப்பட்ட வாக்குகள் வந்து சேரும்வரை காத்திருந்து, ஜூலையில் அடுத்த சுற்று எண்ணிக்கை தொடங்கியது. மாகாணம் அப்படி ஒரு காத்திருப்பை அதற்கு முன் கண்டதில்லை.

அந்த அறையில் ஒரே ஒரு சீட்டைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு 1 போட்ட சீட்டு அது என்று வைத்துக்கொள்வோம். அவர் கடைசி இடம், நீக்கப்படுகிறார். அலுவலர் சீட்டை எடுத்து 2 எங்கே என்று தேடுகிறார். சட்டம் செய்தவர்களின் கணக்குப்படி அது லிபரல் பெயருக்கு எதிரே இருக்க வேண்டும். இல்லை. ஜனவரியிலிருந்து லிபரலைத் திட்டித் தீர்த்த பேச்சுகளைக் கேட்ட கை அது. சோஷலிஸ்டுக்கும் போட மனமில்லை. 2 இருப்பது சோஷியல் கிரெடிட் பெயருக்கு எதிரே.

அடுத்த கட்டிலிருந்து ஒரு லிபரல் சீட்டு. அதிலும் அப்படியே.

மூன்றாவதாக, சி.சி.எஃப். மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட தொகுதி ஒன்றின் சீட்டு. பத்தாண்டாகத் தங்களை அடைத்துவைக்கவே ஆட்சி நடத்திய இரண்டு கட்சிகளுக்கும் அந்த வாக்காளர் எப்படி 2 போடுவார்? அவரும் சோஷியல் கிரெடிட்டைத் தேடிப் போட்டிருக்கிறார்.

இந்தத் தேர்தலின் சூட்சுமம் இந்த மூன்று சீட்டுகளில் இருக்கிறது. அந்தக் கட்சியை முதலாவதாக விரும்பியவர்கள் நான்கில் ஒரு பங்கினரைவிடச் சற்றே அதிகம்தான். ஆனால் எல்லோருடைய கோபமும் இரண்டாவதாகப் போய்ச் சேரக்கூடிய ஒரே இடம் அது. ஆட்சியாளர்கள் கையில் தந்த 2 என்ற எண்ணை மக்கள் ஆட்சியாளர்களைத் தண்டிக்கவே பயன்படுத்தினார்கள்.

சுற்றுக்குச் சுற்று நிலவரம் மாறியது. சி.சி.எஃப். முன்னிலை வகித்த தொகுதிகள் சில நழுவின. சோஷியல் கிரெடிட் ஏறிக்கொண்டே வந்தது.

இறுதிக் கணக்கு: சோஷியல் கிரெடிட் 19. சி.சி.எஃப். 18. லிபரல் 6. கன்சர்வேட்டிவ் 4. தொழிலாளர் 1.

முதல்வர் ஜான்சன் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் தோற்றார். ஆன்ஸ்காம் ஓக் பேயில் தோற்றார். சட்டத்தைக் கொண்டுவந்த அரசின் இரண்டு தூண்களும் அந்தச் சட்டப்படி நடந்த முதல் தேர்தலிலேயே சாய்ந்தன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கனடா வரலாற்றில் கிடைக்காது.

எனக்கு இதில் படுவது ஒன்றுதான். ஒரு குறிப்பிட்ட எதிரியை அடைக்கவென்று தேர்தல் விதியை வளைக்கிறவர்கள், அந்த எதிரியை மட்டுமே பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டாம் தடவை பணம் எடுத்துவைத்த மனிதர் அவர்கள் கண்ணில் படவே இல்லை. அவருடைய கையில்தான் பென்சில் இருந்தது.

தலைவர் யார்?

ஜூலை 15. வான்கூவரில் சோஷியல் கிரெடிட் உறுப்பினர்கள் கூடினார்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அநேகருக்கு ஒருவரை ஒருவர் அப்போதுதான் பழக்கம்.

இயக்கத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது நியாயம்தான். பென்னட் கட்சிக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. கட்சியின் கொள்கையை அவர் மேடையில் விளக்கிக் கேட்டவர்கள் குறைவு. பழைய கட்சியிலிருந்து வந்தவர். நாளைக்கு இங்கிருந்தும் போய்விட மாட்டாரா?

மறுபக்கத்தில் ஒரு நிதர்சனம் இருந்தது. ஒரு சட்டமன்றத்தில் மசோதா எப்படி நிறைவேறுகிறது, பட்ஜெட்டை எங்கே மறித்து எங்கே விட வேண்டும், எதிர்க்கட்சி எந்த நேரத்தில் அரசைக் கவிழ்க்கும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். ரோல்ஸ்டன் ஒருவர். பென்னட் மற்றவர்.

வாக்கெடுப்பில் பென்னட் தலைவரானார்.

பழைய கட்சியில் இரண்டு முறை மறுக்கப்பட்ட தலைமை, முன்பின் பார்த்திராத மனிதர்களின் கையிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்தது. ஆனால் தலைவர் பதவி வேறு, முதல்வர் பதவி வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் இருந்தார்.

மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் கிளாரன்ஸ் வாலஸ். வட வான்கூவரில் பெரிய கப்பல் கட்டும் தளத்தை நடத்திய குடும்பத்துத் தொழிலதிபர். மன்னராட்சியின் பிரதிநிதி என்ற முறையில் யாரை ஆட்சி அமைக்க அழைப்பது என்ற பொறுப்பு அவருடையது. வழக்கமாக அது வெறும் சடங்கு. தேர்தல் முடிவே பதிலைச் சொல்லிவிடும். இந்த முறை முடிவு எதையும் சொல்லவில்லை.

48 பேர் சபையில் 19 என்பது பெரும்பான்மைக்கு வெகு தூரம். 18 பேரை வைத்திருந்த வின்ச் சும்மா இருக்கவில்லை. முதல் விருப்ப வாக்குகளில் முதலிடம் பெற்றது அவருடைய கட்சி. பிரச்சாரத்தின்போது மக்கள் முன்னால் முதல்வர் வேட்பாளராக நின்ற தலைவர் அவர். பென்னட்டோ தேர்தல் முடிந்தபிறகு தேர்வானவர். சபையில் ஆண்டுக்கணக்கில் எதிர்க்கட்சியை நடத்திய அனுபவம் வேறு. வாய்ப்பு தனக்கே வர வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இரண்டு தராசுத் தட்டும் இப்படி நிற்கும்போது எல்லோர் பார்வையும் ஒரே ஓர் உறுப்பினர்மேல் போய் விழுந்தது. தொழிலாளர் உறுப்பினர் டாம் அப்ஹில். இங்கிலாந்திலிருந்து வந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ராக்கி மலையடிவாரத்து ஃபெர்னி தொகுதியிலிருந்து 1920 முதல் தொடர்ந்து ஜெயித்து வருபவர். எந்தப் பெரிய கட்சியின் கொடியின் கீழும் வராமல் தன் ஊர்த் தொழிலாளர்களின் நம்பிக்கையில் மட்டுமே நின்றவர்.

அவர் வின்ச்சின் பக்கம் போனால் 19-க்கு 19. சமநிலை. அப்போது ஆளுநர் அனுபவசாலியை அழைக்க எல்லாக் காரணமும் இருக்கும். அவர் பென்னட்டின் பக்கம் சாய்ந்தால் 20-க்கு 18.

சுரங்கத் தொழிலாளி, சோஷலிஸ்ட் எலக்ட்ரீஷியனை விட்டுவிட்டு ஒரு ஹார்டுவேர் கடை முதலாளியை ஆதரிப்பாரா? பத்தாண்டாகச் சோஷலிஸ்டுகளைத் தடுக்கவே ஆட்சி நடந்த மாகாணத்தில், அவர்களைத் தடுக்கும் கடைசிக் கை ஒரு தொழிலாளர் உறுப்பினருடையதாக இருக்க முடியுமா?

ஜூலை முடிந்துகொண்டிருந்தது. தோற்றுப்போன ஜான்சன் இன்னும் முதல்வர் நாற்காலியில்தான் இருந்தார். அழைப்பு விக்டோரியாவிலிருந்து வர வேண்டும்.

அது யாருக்கு வந்தது? வந்த பிறகு, 19 பேரை வைத்துக்கொண்டு ஓர் அரசு எத்தனை நாள் தாங்கும்?

(தொடரும்)